கல் மண்ணைத் தேர்ந்தெடுத்தவர்கள்: கார்டன்டன் பயணக் குறிப்புகள்

ஜூலை 4, வியாழன்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், வின்னிபெக்கிலிருந்து 59ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால், நெடுநேரம் கண்ணில் படுவதெல்லாம் கொழுத்த நிலம்தான். கனோலா பூத்து இரண்டு பக்கமும் மஞ்சளாக விரிந்து கிடக்கிறது. அதற்கு அப்பால் கோதுமை, சோயா. மண் கறுப்பு. தேடினாலும் ஒரு கல் அகப்படாது. அமெரிக்க எல்லையை நெருங்க நெருங்க நிலம் மாறுகிறது. வயல்கள் சிறுத்துப்போய், நடுநடுவே பாப்லர் தோப்புகளும் வில்லோ புதர்களும் வருகின்றன. பள்ளங்களில் தண்ணீர் தேங்கி நாணல் நிற்கிறது. வயல் ஓரங்களில் இடுப்பளவுக்குக் கற்களைக் குவித்து வைத்திருக்கிறார்கள். டோல்ஸ்டாய் என்ற குட்டி ஊரில் கிழக்கே திரும்பிச் சற்று ஓட்டினால் கார்டன்டன்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கொள்ளுப்பாட்டி காலத்து ஊர் இந்தப் பக்கம். உக்ரைனிய விவசாயிகள் வந்து குடியேறிய வட்டாரம். ஞாயிற்றுக்கிழமை கல்லறை வழிபாடும் சாப்பாடும் இருக்கிறது, இரண்டு நாள் முன்னதாகவே போய் ஊரைப் பாருங்கள் என்று அவள்தான் சொன்னாள். என் கணவருக்கும் விடுமுறை கிடைத்தது. கிளம்பிவிட்டோம்.

ஊர் என்றால் சில தெருக்கள், சில வீடுகள், ஒரு பூங்கா, பக்கத்தில் வளைந்து ஓடும் ரோசோ ஆறு. மினசோட்டாவில் பிறந்து எல்லை தாண்டி வந்து ரெட் ஆற்றில் கலக்கிறது. முழு ஊரையும் அரை மணியில் நடந்து முடித்துவிட்டோம். வழியில் பார்த்தவர்கள் இரண்டே பேர். இருவரும் நின்று பேசினார்கள். "யாரைத் தேடுகிறீர்கள்?" என்றுதான் முதல் கேள்வி. யாரையும் தேடவில்லை, ஊரைப் பார்க்க வந்தோம் என்றதும் ஒரு பெரியவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நான் எதிர்பார்க்கவில்லை.

மதியம் சாப்பிடக் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. கால் மணிநேரம் ஓட்டி வீட்டா என்ற ஊருக்குப் போனோம். இந்த வட்டாரத்துக்கு அதுதான் பெரிய ஊர். போர்ஷ் சூப் 7 டாலர், வெங்காயம் வதக்கிப் போட்ட உருளைக்கிழங்குப் பெரோகி ஒரு தட்டு 14 டாலர். பெரோகி என்பது மாவுக்குள் கிழங்கோ பாலாடைக் கட்டியோ வைத்து மடித்து வெந்நீரில் வேகவைப்பது. மேலே புளித்த க்ரீம். நன்றாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதற்குப் பிறகு இதைப் பற்றி எழுதவே தோன்றவில்லை.

தங்கியது ஒரு பண்ணை வீட்டின் மாடி அறையில். ஒன்பதரை மணி தாண்டித்தான் சூரியன் இறங்கியது. அப்புறம் மேற்கே இடி முழங்க ஆரம்பித்து, விடிய விடிய மழை.

ஜூலை 5, வெள்ளி

காலையில் வானம் தெளிந்துவிட்டது. சாலை தெளியவில்லை.

இந்தப் பக்கத்து நிலத்தை அரசு அளந்தபோது ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்தார்கள். அதனால் மைலுக்கு ஒரு சாலை, எல்லாம் நேர்க்கோடு. பெரிய சாலைகளில் தார், அடுத்தவற்றில் சரளை. சிலவற்றில் வெறும் மண். வரைபடச் செயலிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அது காட்டிய குறுக்கு வழியில் நூறு அடி போவதற்குள் களிமண் சக்கரத்தை அப்பிக்கொண்டது. வாடகைக் கார்க்காரர்கள் கொடுத்த வண்டியின் பின் டயர்கள் இரண்டும் வழவழவென்று தேய்ந்தவை. வண்டி பக்கவாட்டில் நழுவி வடிகால் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. கைபேசியில் சிக்னல் ஒரு கோடு. கதவைத் திறந்தால் கொசு. வீட்டுக்குள் பார்க்கிற கொசு அல்ல, சட்டைக்கு மேலேயே குத்துகிற ஜாதி.

இருபது நிமிடம் கழித்து ஒரு டிராக்டர் வந்தது. எழுபது வயது இருக்கும் அவருக்கு. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. தன் களத்திலிருந்து பார்த்திருக்கிறார், இந்தச் சாலையில் இன்று கார் போகாது என்று அவருக்குத் தெரியும், சங்கிலியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பத்து நிமிடத்தில் இழுத்துச் சரளைச் சாலையில் விட்டார். பணத்தை நீட்டினோம், கையால் தள்ளிவிட்டு, "காலைச் சாப்பாடு ஆயிற்றா?" என்றார்.

அவர் வீட்டுச் சமையலறையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி வீட்டில் செய்த ரொட்டியும், சாஸ்கட்டூன் பழத்தில் செய்த ஜாமும் வைத்தார். காபி தீரத் தீர ஊற்றினார். எங்கிருந்து வந்தோம், என்ன வேலை என்பதையெல்லாம் மேலோட்டமாகத்தான் விசாரித்தார்கள். பெரியவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்பியது வேறு. "உங்கள் ஊரில் மண் எப்படி?" என்றார். என் அப்பாவின் ஊர் திருவண்ணாமலைப் பக்கம், செம்மண்ணும் பாறையும், ஏரி நிரம்பினால்தான் விளைச்சல் என்றேன். தலையாட்டினார். தன் தாத்தா எடுத்த நிலத்தை ஜன்னல் வழியே காட்டினார். ஒவ்வொரு குளிர்காலமும் தரை உறைந்து இளகும்போது அடியில் இருக்கிற கல் மேலே வந்துவிடுமாம். நூறு வருடத்துக்கு மேலாக ஒவ்வொரு வசந்தத்திலும் பொறுக்குகிறார்கள், இன்னும் தீரவில்லை.

அப்படியானால் தாத்தா ஏன் இந்த நிலத்தை எடுத்தார் என்று கேட்டேன். வரும் வழியில் பார்த்த கறுப்பு மண்தான் என் மனதில் இருந்தது. அவர் சொன்னதும், மறுநாள் அருங்காட்சியகத்தில் படித்ததும் சேர்ந்து எனக்குப் புரிந்தது இதுதான்.

1896இல் இங்கே வந்து இறங்கியவை 27 குடும்பங்கள். அன்று ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்த கலீசியா, புகோவினா பகுதிகளின் உக்ரைனிய விவசாயிகள். லிவிவ் நகரில் வேளாண்மை கற்பித்த யோசிப் ஒலெஸ்கிவ், பிரேசிலுக்குப் போய்ச் சீரழியும் தன் மக்களுக்கு வேறு வழி தேடி 1895இல் கனடாவைச் சுற்றிப் பார்த்தார். கனடாவுக்குப் போங்கள் என்று சிறு நூல்கள் எழுதினார். அவர் அனுப்பிய குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கி வந்த கிரிலோ கெனிக், பின்னால் வின்னிபெக்கில் அரசு மொழிபெயர்ப்பாளராக இருந்து ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழிகாட்டினார். 10 டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர். சொந்த ஊரில் சில ஏக்கரை நாலு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஓய்ந்தவர்களுக்கு அது நம்ப முடியாத அளவு.

வந்தவர்கள் மரம் இருக்கும் இடத்தைத் தேடினார்கள். சொந்த ஊரில் காடு பண்ணையாருடையது, சுள்ளி பொறுக்கவும் அனுமதி வேண்டும். வீடு கட்ட மரம், எரிக்க விறகு, மாட்டுக்குப் புல், குடிக்கத் தண்ணீர் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும். கையில் காசில்லாதவனுக்கு மரமில்லாத கறுப்பு மண்ணில் முதல் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. இரண்டாவது காரணம் உறவு. முதலில் வந்தவன் பக்கத்தில் அண்ணன், அண்ணன் பக்கத்தில் மச்சான், அவன் பக்கத்தில் அதே ஊர்க்காரன். நல்ல நிலம் தூரத்தில் காலியாக இருந்தும், தெரிந்த முகத்துக்குப் பக்கத்தில் கல் மண்ணை எழுதி வாங்கினார்கள். அதிகாரிகள் சிலருக்கு அது அறியாமையாகத் தெரிந்தது. எனக்கு அப்படித் தெரியவில்லை. மொழி தெரியாத நாட்டில் பிரசவ வலி வந்தால் கூப்பிடும் தூரத்தில் ஒருத்தி வேண்டும் என்று நினைத்தது நல்ல கணக்குதான்.

மதியத்துக்கு மேல் நாங்கள் தேடிப்போன இடத்துக்கு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். உயரப் புல்வெளிக் காப்பகம். ஒரு காலத்தில் தெற்கு மனிடோபாவில் ஆள் உயரத்துக்கு வளர்ந்த இயற்கைப் புல்வெளியில் இன்று மிஞ்சியது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிஞ்சியதில் பெரும்பகுதி இங்கே டோல்ஸ்டாய், கார்டன்டன் பக்கம். காரணம் கேட்டால் அதே கல், அதே சதுப்பு. ஏர் ஓட்ட முடியாத இடம் தப்பித்துவிட்டது.

இந்த வாரங்களில் இங்கே ஓர் ஆர்க்கிட் பூக்கிறது. கனடாவில் வேறு எங்கும் இயற்கையாக வளராத, அழியும் நிலையிலுள்ள வெள்ளை ஆர்க்கிட். இதழ் ஓரமெல்லாம் கிழித்துவிட்ட மாதிரி நூல் நூலாக இருக்கும். இரவில்தான் மணக்குமாம். அந்த மணத்துக்கு வரும் பெரிய அந்துப்பூச்சிகள்தான் மகரந்தம் சேர்க்கின்றன. ஈரப் பள்ளம் ஒன்றின் ஓரத்தில், புல்லுக்கு நடுவே முழங்காலுக்கு மேல் நின்ற ஏழெட்டுச் செடிகளைப் பார்த்தோம். பாதையை விட்டு இறங்கக் கூடாது. இறங்காமலேயே நன்றாகத் தெரிந்தது. மாலையில் சாக்ஸைக் கழற்றியபோது கணவருக்கு மூன்று உண்ணி, எனக்கு ஒன்று.

ஜூலை 6, சனி

காலையில் புனித மிக்கேல் தேவாலயம். ஊருக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் மரங்கள் சூழ நிற்கிறது. கனடாவின் ஆகப் பழைய உக்ரைனியத் தேவாலயமாகக் கருதப்படுவது இதுதான். 1897இல் கட்ட ஆரம்பித்து 1899இல் முடித்திருக்கிறார்கள். வந்த மறு வருடமே என்பதை மனதில் வாங்கிக்கொள்ளச் சற்று நேரம் பிடித்தது. பல குடும்பங்கள் அப்போது தரையைத் தோண்டி மேலே கட்டையும் மண்கட்டியும் போட்ட குழி வீட்டில்தான் இருந்திருக்கும்.

வெட்டிய மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பிய சுவர். குவிமாடங்கள் பின்னாளில் வந்தவை. பக்கத்தில் தனியாக மணிக்கூண்டு. பூட்டியிருந்தது. நாங்கள் தங்கியிருந்த வீட்டு அம்மா யாருக்கோ போன் செய்து சொல்லியிருந்ததால், ஒரு பெண்மணி சாவியோடு வந்தார். உள்ளே சின்ன இடம். ஐம்பது அறுபது பேர் நெருக்கி நிற்கலாம். எங்கள் இருவருக்காக அவர் தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார், கை நகமெல்லாம் மண். ஓவியங்கள் ஒவ்வொன்றையும் காட்டி, எது யார் வீட்டார் கொடுத்தது என்று சொன்னார். அவசரமே இல்லை. நன்கொடைப் பெட்டி எங்கே என்று நாங்கள்தான் கேட்க வேண்டியிருந்தது.

வெளியே கல்லறைத் தோட்டம். பழைய சிலுவைகளில் சிரிலிக் எழுத்து, புதியவற்றில் ஆங்கிலம். சின்னச் சின்னச் சிலுவைகள் நிறைய. டாக்டர் இல்லாத காலத்துக் குழந்தைகள். புல் ஒரே மட்டமாக வெட்டியிருந்தது. எத்தனை பேர் இருக்கும் ஊரில் இவ்வளவு பெரிய இடத்துக்கு யார் புல் வெட்டுகிறார்கள் என்று கேட்டேன். குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைத்திருக்கிறார்கள். வின்னிபெக்கில் இருப்பவர்கள் தங்கள் முறைக்கு இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்களாம்.

அப்புறம் பூங்காவிலுள்ள அருங்காட்சியகம். பக்கத்திலேயே புல் வேய்ந்த கூரையோடு ஒரு பழைய பாணி வீடு. மரக்கட்டைச் சுவருக்கு மேல் களிமண்ணும் வைக்கோலும் சாணியும் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்கிப் பெண்கள் பூசி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். எங்கள் ஆயா வீட்டுச் சுவரும் இப்படி மிதித்துப் பூசியதுதான். உள்ளே அறையில் பாதியை அடைத்துக்கொண்டு களிமண் அடுப்பு. குளிரில் அதன் மேல்தான் பிள்ளைகள் படுப்பார்கள்.

இந்த நிலம் முதல் வருடங்களில் சோறு போடவில்லை. ஆண்கள் ரயில் பாதை போடவும், மேற்கே மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பண்ணைகளுக்குக் கூலிக்கும் நடந்தே போனார்கள். அந்த மென்னோனைட்டுகள் தெற்கு உக்ரைனிலிருந்து முன்பே குடியேறியவர்கள் என்பதால் சிலருக்குப் பேச்சு புரிந்தது. வீட்டில் பெண்கள் மரம் வெட்டினார்கள், காட்டில் செனகா என்ற மருந்துச் செடியின் வேரைத் தோண்டி விற்று உப்பும் சர்க்கரையும் வாங்கினார்கள். சட்டப்படி ஒவ்வொரு குடும்பமும் தன் 160 ஏக்கரில்தான் குடியிருக்க வேண்டும். சொந்த ஊரில் வேலிக்கு வேலி ஒட்டி வாழ்ந்த பெண்ணுக்கு, இங்கே பக்கத்து வீடு அரை மைல். அதுவும் பனியில்.

இரண்டு விஷயங்களில் எனக்குக் கோபம் வந்தது. ஒன்று, 1914இல் போர் தொடங்கியதும் இவர்கள் ஆஸ்திரியக் குடிமக்கள் என்ற காரணத்தால் எதிரி நாட்டார் ஆனார்கள். எந்த அரசிடமிருந்து தப்பி வந்தார்களோ அதே அரசின் ஆட்கள் என்று முத்திரை. நாடு முழுக்க 8,579 பேரை முகாம்களில் அடைத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் உக்ரைனியர். இன்னும் ஏறத்தாழ 80,000 பேர் பதிவு செய்துகொண்டு, அவ்வப்போது அதிகாரிகள் முன் ஆஜராக வேண்டியிருந்தது. இன்னொன்று, 1916இல் மனிடோபா அரசு இருமொழிப் பள்ளிகளை ஒழித்தது. அதுவரை ஆங்கிலத்தோடு சேர்த்து உக்ரைன் மொழியிலும் கற்பித்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு பள்ளிக்குள் ஆங்கிலம் மட்டும். மொழியை வீடும் தேவாலயமும்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. எவ்வளவு நாள் முடியும்?

திரும்பும் வழியில் சென்கிவ் பக்கம் ரோசோ ஆற்றின் மேலுள்ள தொங்கு பாலத்தில் நடந்தோம். பள்ளிப் பிள்ளைகள் ஆற்றைக் கடப்பதற்காகக் கட்டியது. நன்றாகவே ஆடியது.

ஜூலை 7, ஞாயிறு

வழிபாடு நடந்தது வேறொரு சிறு தேவாலயத்தில். அங்கே இப்போது ஆண்டுக்கு ஓரிரு முறைதான் பூசை. பாதிரியார் பல ஊர்களைச் சுற்றி வருபவர். ஒன்பதரைக்குப் போனபோது புல்வெளி முழுக்கக் கார்கள். பக்கத்து மாகாணத்து ரெஜைனாவிலிருந்துகூட வந்திருந்தார்கள்.

பூசை முடிந்ததும் எல்லோரும் கொடியோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். மேசையில் பின்னல் போட்ட ரொட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மெழுகுவத்தி. பாதிரியார் கல்லறை கல்லறையாக நின்று சாம்பிராணி காட்டினார். அந்தந்தக் குடும்பம் தங்கள் கல்லறைக்குப் பக்கத்தில் நின்றது. யாரும் வராத கல்லறைகளுக்கு? அதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒன்றையும் விடவில்லை. வம்சமே இல்லாமல் போன வீட்டாரின் பெயரையும் படித்தார்கள், கூட்டம் முழுவதும் அவர்களுக்காகப் பாடியது. வெயில் 31 டிகிரி. ஒரு பாட்டி தன் குடையை என் தலைக்கு மேல் நகர்த்திவிட்டுத் தான் வெயிலில் நின்றார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

அப்புறம் சாப்பாடு, மண்டபத்தில். பெரியவர்களுக்கு 20 டாலர், பிள்ளைகளுக்கு 8. வரிசையில் நின்றால் போதும், அந்தப் பக்கம் ஏப்ரன் கட்டிய பாட்டிகள். என் கணவர் சைவம் என்று சொன்னதும் ஒரு நிமிடம் அவர்களுக்குள் ஆலோசனை. பிறகு ஒருவர் வெளியே வந்து, கரண்டியோடு ஒவ்வொரு பாத்திரமாகக் காட்டி, இதில் பன்றிக்கொழுப்பு, இதில் இல்லை, இது தொடாதே என்று அவர் கூடவே நடந்து பரிமாறினார்.

இனி அந்தச் சாப்பாடு. முட்டைக்கோஸ் இலையில் சோறு சுருட்டியது. பெரோகி மூன்று விதம். தோட்டத்துப் பிஞ்சு பீட்ரூட்டை இலையோடு போட்ட போர்ஷ், நிறைய சதகுப்பைக் கீரை தூவியது. பீட்ரூட் இலைக்குள் ரொட்டி மாவைச் சுருட்டி ஓவனில் சுட்டு, க்ரீமும் பூண்டும் சதகுப்பையும் ஊற்றி ஊறவைத்த ஒன்று, அதற்கு நான் இரண்டாம் முறை போனேன். இளம் இலை கிடைக்கும் இந்தப் பருவத்தில்தான் இது வரும். அப்புறம் நச்சின்கா. சோள ரவையைப் பாலில் வேகவிட்டு, முட்டையும் வெண்ணெயும் க்ரீமும் சேர்த்து சுடுவது. புகோவினாக்காரர்களின் கல்யாண விருந்தில் கட்டாயம் இருக்குமாம். மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு, உள்ளே வாயில் வைத்ததும் கரைகிறது.

எங்கள் மேசையில் ஓர் இளம்பெண், மடியில் இரண்டு வயதுப் பையன். செர்னிவ்ட்சிக்காரி. புகோவினாவின் பழைய தலைநகரம் அது. 2022இல் போர் தொடங்கிய பிறகு வின்னிபெக் வந்திருக்கிறாள். கணவர் அங்கேயே இருக்கிறார். இப்படி ஓர் ஊர் கனடாவில் இருப்பதே போன வருடம்தான் தெரிந்ததாம். இந்த முறை முந்தின நாளே வந்து பாட்டிகளோடு சமையலறையில் நின்றிருக்கிறாள். நச்சின்காவை அவள் பையன் வழித்து வழித்துத் தின்றான். தன் பாட்டி செய்வதும் இதே ருசிதான் என்றாள். இவர்கள் புகோவினாவை விட்டு வந்து 125 வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த ஊரில் யாரும் அந்தப் பாட்டியைப் பார்த்ததில்லை, அவரும் இந்த ஊரைக் கேள்விப்பட்டதில்லை. எனக்குப் பேச்சு வரவில்லை, அவள் தட்டில் இன்னொரு துண்டு வைத்தேன்.

கடைசியில் கூரைக்காகப் பணம் திரட்டினார்கள். வடக்குப் பக்க ஓடு போன பனிக்காலத்தில் ஒழுகியிருக்கிறது. பூசை நடப்பதே வருடத்துக்கு ஓரிரு முறை, ஆனாலும் கூரையை மாற்றலாமா வேண்டாமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மரப்பலகையா, தகரமா என்பதில்தான் அரை மணிநேரம் சூடான வாக்குவாதம். நாங்கள் கிளம்பியபோதும் முடியவில்லை. என் ஓட்டு மரப்பலகைக்கு.

போக நினைப்பவர்களுக்கு: ஜூலை முதல் வாரம் ஆர்க்கிட் பூக்கும் காலம். கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள், மண்டபத்தில் அட்டை வாங்க மாட்டார்கள். முழுக்கால் பேன்ட், கொசு மருந்து கட்டாயம். மழை பெய்த மறுநாள் சரளை இல்லாத சாலையில் இறங்க வேண்டாம். பழைய தேவாலயத்துக்குள் போக வேண்டுமென்றால் முந்தின நாளே ஊரில் யாரிடமாவது சொல்லிவையுங்கள், சாவி வந்துவிடும்.